தூக்கலாம், திருத்தக் கூடாது: பின்னூட்டப் பெட்டியில் நான் பார்க்கும் தவறுகள்

ஒரு செய்தித் தளத்தில் வாசகர் பின்னூட்டங்களை மட்டுறுத்துவது, அதாவது எதை விடுவது, எதை எடுப்பது என்று பார்ப்பது, என் வேலை. பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. போன மாதம் புதிதாக இரண்டு பேர் சேர்ந்தார்கள். இரண்டாம் நாளே ஒருவர் கேட்டார்: "அண்ணே, இந்த ஆளு நம்ம கட்டுரையை உளறல்னு எழுதியிருக்கார். எடுத்தா கேஸ் போடுவாரா?" பக்கத்து நாற்காலியில் இருந்தவர் எதுவும் கேட்கவில்லை. ஒரு பின்னூட்டத்தில் பாதியை வெட்டிவிட்டு மீதியை வெளியிட்டுக்கொண்டிருந்தார். 2014-இல் நான் செய்த அதே காரியம். பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

கெட்ட வார்த்தை, சாதி வசவு, யாரோ ஒருவரின் போன் நம்பர், லோன் விளம்பரம் இவற்றை விடக் கூடாது என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த படி: நமக்குப் பிடிக்காத ஒன்றை எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா? பெரும்பாலும் கொடுக்கிறது. மாட்டிக்கொள்வது எடுத்த விதத்தில்தான்.

"பேச்சுரிமை" என்றதும் பின்வாங்குவது

பின்னூட்டம் நீக்கப்பட்டவர் அனுப்பும் மின்னஞ்சலில் பேச்சுரிமை தரும் அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு கட்டாயம் இருக்கும். அந்த உரிமை முதன்மையாக அரசின் கையைக் கட்டுவதற்கு வந்தது. பத்திரிகைக்கு எழுதிய ஆசிரியர் கடிதம் அச்சாகவில்லை என்று யாரும் நீதிமன்றம் போவதில்லை அல்லவா, அதே கணக்குதான்.

விவரம் தெரிந்தவர்கள் 2023 ஜனவரியில் வந்த நம் உச்ச நீதிமன்றத்தின் கௌஷல் கிஷோர் தீர்ப்பைக் காட்டுவார்கள். 19, 21 பிரிவுகளின் உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் கோரலாம் என்று ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் சொன்னது உண்மை. ஆனால் அங்கே விவகாரம் ஓர் அமைச்சரின் பேச்சைப் பற்றியது, பின்னூட்டப் பெட்டியைப் பற்றியது அல்ல. அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே. எதை வைப்பது, எதை விலக்குவது என்று தளங்கள் தேர்ந்தெடுப்பதே ஒருவகைப் பேச்சுதான் என்று 2024 ஜூலையில் நெட்சாய்ஸ் வழக்கில் அங்குள்ள உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை எழுதியது.

பக்கத்தை நடத்துவது அரசு என்றால் கதையே வேறு. மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹ்யூரான் நகர மேலாளர், கொரோனா காலத்தில் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் தன்னைக் குறை சொன்ன பின்னூட்டங்களை நீக்கினார். லிண்ட்கி எதிர் ஃப்ரீட் என்ற அந்த வழக்கில் 2024 மார்ச்சில் நீதிமன்றம் இரண்டு கேள்விகளை வைத்தது. அரசின் சார்பில் பேச அவருக்கு அதிகாரம் இருந்ததா? அந்தப் பதிவில் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தித்தான் பேசினாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் அவர் நீக்கியது அரசு நீக்கியதாகிவிடும். நகராட்சிப் பக்கத்தையோ துறைப் பக்கத்தையோ சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் தம்பிகள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கை வைத்தால் பொறுப்பு நம் தலையில் என்று எல்லாவற்றையும் விட்டுவைப்பது

இந்தப் பயம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1991-இல் கம்ப்யூசெர்வ் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனம் எதையும் வடிகட்டவில்லை என்பதால் ஓர் அவதூறு வழக்கில் தப்பித்தது. 1995-இல் அதே மாதிரியான பிராடிஜி நிறுவனம் வடிகட்டியது என்பதாலேயே, பயனர் எழுதியதற்கும் வெளியீட்டாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று நியூயார்க் நீதிமன்றம் சொன்னது. நல்லது செய்தவன் தலையில் கல். இந்தக் கோணலைச் சரிசெய்யத்தான் அடுத்த வருடமே அங்கே தகவல்தொடர்புக் கண்ணியச் சட்டத்தின் 230-ஆம் பிரிவு வந்தது. நல்லெண்ணத்தோடு நீக்கினால் அதற்காகத் தளத்தைப் பிடிக்க முடியாது.

நம் ஊரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு, சில நிபந்தனைகளோடு, பயனர் எழுதியதற்குத் தளம் பொறுப்பில்லை என்று பாதுகாப்பு தருகிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2021 விதிகளில் 3(1)(பி) ஒரு பட்டியல் தருகிறது: ஆபாசம், ஆள்மாறாட்டம், பிறர் அந்தரங்கத்தில் நுழைவது என்று நீளும். அந்தப் பட்டியலில் வருவதைத் தானாக முன்வந்தோ புகாரின் பேரிலோ நீக்கினால் 79-இன் பாதுகாப்பு போகாது என்று விதியே சொல்கிறது. கவனியுங்கள், "கட்டுரையை உளறல் என்றார்" என்பது பட்டியலில் இல்லை. அதை எடுப்பது குற்றம் அல்ல. ஆனால் அந்த வரி உங்களுக்குக் குடை பிடிக்கும் என்றும் நினைக்காதீர்கள்.

விட்டுவைப்பதற்கும் விலை உண்டு. எஸ்டோனியாவின் டெல்ஃபி தளத்தில் 2006-இல் ஒரு படகுப் போக்குவரத்து நிறுவனம் பற்றிய செய்தியின் கீழ் வசவுகள் ஆறு வாரம் கிடந்தன. வக்கீல் கடிதம் வந்த அன்றே நீக்கினார்கள். அப்படியும் தளம் பொறுப்புதான் என்று 2015-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் உறுதிசெய்தது. இழப்பீடு என்னவோ 320 யூரோதான்.

திருத்துவது

இதற்குத்தான் இந்தக் கட்டுரையே.

2014-இல் ஒரு கிராமச் சாலை பாதியில் நிற்பதாகச் செய்தி போட்டோம். இரவு பதினொன்றரைக்கு ஒரு பின்னூட்டம் வந்தது:

"தலைவர் கான்ட்ராக்டரிடம் கமிஷன் வாங்கித்தான் வீடு கட்டினார் என்று சொல்கிறவன் வாயில் அடுப்புச் சாம்பலைத்தான் அள்ளிப் போடணும்."

எனக்கு அப்போது பிழைதிருத்தும் பெருமை அதிகம். சந்தி போடுவேன், ஒற்று மிகவைப்பேன், நீண்டதைக் குறுக்குவேன். சாம்பல் பகுதி நாகரிகமாகத் தெரியவில்லை. "என்று" முதல் கடைசி வரை வெட்டினேன். "வீடு கட்டினார்" என்பதற்குப் பின்னால் அழகாக ஒரு முற்றுப்புள்ளி வைத்து, எழுதியவரின் பெயரோடும் படத்தோடும் வெளியிட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

எழுதியவர் தலைவருக்கு மச்சான். தங்கையைக் கட்டியவர். மாமனார் வீட்டு மானத்தைக் காப்பாற்ற எழுதிய மனுஷன், விடிந்ததும் மைத்துனனையே ஊழல்காரன் என்றவராக ஊருக்குள் நின்றார். இரண்டு வாரத்தில் தலைவரிடமிருந்து அவதூறு நோட்டீஸ், அன்றைய இ.பி.கோ. 499, 500. எங்களுக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று. அடுத்த நாள் மச்சான் எங்களுக்கு ஒன்று அனுப்பினார். ஒரே வரிக்கு இரண்டு பக்கமும் நோட்டீஸ் வாங்கிய ஆள் எனக்குத் தெரிந்து நான்தான்.

எங்கள் வக்கீல் வயதானவர். காகிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "தூக்கியிருந்தா நான் இங்க வந்திருக்கவே வேணாம். அப்படியே விட்டிருந்தாலும் வேணாம்" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். பயனர் எழுதுவதைப் பொறுத்தவரை சட்டம் நம்மைக் கடிதம் கொண்டுபோகும் தபால்காரர் இடத்தில் வைக்கிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதற்குத் தபால்காரர் பொறுப்பில்லை. ஆனால் உறையைப் பிரித்து இரண்டு சொல்லை மாற்றினால் அந்தக் கடிதம் அவருடையதும்தான். 79-இன் நிபந்தனைகளில் ஒன்று, உள்ளே இருக்கும் தகவலை நாம் மாற்றியிருக்கக் கூடாது என்பது. விதிகள் விலக்கு அளிப்பது நீக்குவதற்குத்தான், மாற்றுவதற்கு இல்லை.

அமெரிக்காவிலும் கோடு உண்டு, பொருளை மாற்றும் இடத்தில். 2008-இல் ரூம்மேட்ஸ் வழக்கில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் உதாரணம் சொன்னது: ஒருவர் ஓவியத்தைத் திருடவில்லை என்று பயனர் எழுதியதில் இருக்கும் "இல்லை"யைத் தளம் நீக்கினால், அந்த அவதூறில் தளத்துக்கும் பங்கு உண்டு. தமிழில் ஆபத்து இன்னும் அதிகம். நம் வாக்கியத்தின் பாரம் முழுக்கக் கடைசியில் தொங்குகிறது. "என்பது பொய்", "என்கிறார்களாம்", "என்றால் நம்பிவிடாதீர்கள்" எல்லாமே வால்தான். இடம் போதவில்லை என்று முதலில் வெட்டுவதும் வாலைத்தான்.

ஆகவே எழுத்துப் பிழையைக்கூட நான் தொடுவதில்லை. வசவை நட்சத்திரக் குறியால் மறைப்பதும் இல்லை. ஒரு சொல் ஆகாதென்றால் முழுப் பின்னூட்டமும் போகும், அவர் வேண்டுமானால் மறுபடி எழுதட்டும். இப்போது "ஒழுங்குபடுத்து" என்று ஒரு செயற்கை நுண்ணறிவுப் பொத்தான் வேறு வந்திருக்கிறது. புதுத் தம்பி அழுத்திக்கொண்டிருந்தது அதைத்தான். அன்று மாலையே எங்கள் கணக்கில் அதை அணைத்துவிட்டேன்.

நீக்கியதை அடியோடு அழிப்பது

மேற்படிக் கதையில் என்னைக் கொன்றது இன்னொன்று. எங்கள் மென்பொருள் பழைய வடிவத்தை வைத்திருக்கவில்லை. என் திருத்தம் அதன் மேலேயே பதிந்து, சாம்பல் சாம்பலாகிவிட்டது. மச்சான் என்ன எழுதினார் என்பதற்கு என் ஞாபகம் மட்டுமே சாட்சி. அதைக் கையெழுத்திட்டுக் கொடுத்து, முகப்பில் பத்து நாள் மன்னிப்புப் போட்டு, இரண்டு தடவை ஊருக்குப் போய் வந்து முடிந்தது. வக்கீல் கட்டணத்தை என் சம்பளத்தில் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்று இது நல்ல பழக்கம் மட்டுமல்ல. மேலே சொன்ன 3(1)(பி) பட்டியலின்படி நீக்கியதை 180 நாள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது 2021 விதி. பொதுப் பார்வையிலிருந்து எடுங்கள், தரவுத்தளத்திலிருந்து எடுக்காதீர்கள்.

ஒற்றை நட்சத்திரங்களை மட்டும் ஒளிப்பது

கடை வைத்திருப்பவர்களுக்கு. ஃபேஷன் நோவா என்ற அமெரிக்கத் துணிக்கடை நான்கு, ஐந்து நட்சத்திர மதிப்புரைகளைத் தானாக வெளியிட்டு, அதற்குக் கீழே வந்தவற்றைக் கிடப்பில் போட்டதாக அங்குள்ள வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2022-இல் 42 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம். மீதி மதிப்புரைகளைப் பார்த்தவர் வாங்கியவர்களின் கருத்து இதுதான் என்று ஏமாந்தார் என்பதுதான் அங்கே புகார்.

தளத்துக்குப் பின்னூட்ட விதி எழுதாமல் இருப்பது

எழுதுங்கள். பத்து வரி போதும்.

காரணம் சொல்லாமல் நீக்குவது

இந்தியாவில் 50 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள பெரிய சமூக ஊடகங்கள்தான் தாமாக நீக்கும்போது முன்கூட்டிச் சொல்லி, மறுத்துப் பேச வாய்ப்பு தர வேண்டும். நம்மைப் போன்ற சிறிய தளத்துக்கு அந்தக் கடமை இல்லை. இருந்தாலும் நான் ஒரு வரி அனுப்பிவிடுகிறேன்: எத்தனையாவது விதி என்று மட்டும்.

பின்னூட்டம் நீக்கப்பட்டவரோடு வாதாடுவது

ஒரு பதில். அதோடு சரி.

அந்த மச்சான் இன்னும் எங்கள் வாசகர்தான். மாதம் நான்கைந்து பின்னூட்டம் வரும். எது எழுதினாலும் முதல் வரி "திருத்த வேண்டாம்" என்று இருக்கும். அதையும் சேர்த்துத்தான் வெளியிடுகிறேன்.