டவுன்டவுன் கட்டண வட்டாரம்: துடைப்பம் வாங்கும் முன்பே நடக்கும் தவறுகள்

அமெரிக்க நகரங்களின் டவுன்டவுன், அதாவது நகர மையக் கடைவீதிப் பக்கம் போனால், ஒரே நிறச் சட்டையில் நடைபாதை கழுவுகிறவர்களையும், வழி சொல்லிக்கொண்டு நிற்பவர்களையும் பார்க்கலாம். பெரும்பாலும் அவர்கள் நகராட்சி ஊழியர்கள் இல்லை. அந்தத் தெருக்களில் கட்டடம் வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போட்டு ஒரு வட்டாரம் அமைத்து, சொத்து வரி பில்லோடு கூடுதலாக ஒரு கட்டணம் கட்டி, லாப நோக்கமில்லாத சங்கம் ஒன்றின் மூலம் நடத்தும் வேலை அது. 1970-இல் கனடாவின் டொராண்டோவில், புளூர் வெஸ்ட் வில்லேஜ் கடைத்தெருவில் தொடங்கிய யோசனை. இங்கே கலிபோர்னியாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அங்கே 1994-ஆம் ஆண்டின் வட்டாரச் சட்டம் ஒன்று உண்டு. அதற்கு மேல், 1996-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய, உள்ளூர் வரி, கட்டணங்களுக்குக் கடிவாளம் போடும் 218-ஆம் முன்மொழிவு கழுத்தில் கத்தி வைத்தாற்போல நிற்கிறது.

வட்டாரம் ஒன்று கோர்ட்டில் கவிழ்ந்தால், எந்தச் சொத்துக்கு எவ்வளவு பயன், எவ்வளவு கட்டணம் என்று கணக்கிடும் பொறியாளர் அறிக்கையைத்தான் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு சொத்துக்குக் கிடைக்கும் ‘தனிப் பயன்’ எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் கட்டணம் கேட்கலாம் என்கிறது 218. தெருவில் நடந்துபோகிறவருக்கும், எல்லைக்கு வெளியே இருக்கும் பக்கத்துத் தெருக்காரருக்கும் கிடைப்பது பொதுப் பயன். அதைத் தனியாக அளந்து கழித்துவிட்டு, அந்தப் பங்குக்கு வேறு இடத்திலிருந்து பணம் காட்ட வேண்டும். ஆனால் ஆதரவு திரட்டும் கூட்டங்களில் என்ன பேசுகிறார்கள்? “டவுன்டவுன் பளிச்சென்று இருந்தால் ஊருக்கே நல்லது.” எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இதைவிட நல்ல வாசகம் கிடைக்காது.

சான் டியாகோவின் கோல்டன் ஹில் பகுதிக்கு நடந்தது இதுதான். 2007-இல் அமைந்த பராமரிப்புக் கட்டண வட்டாரத்தை 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. பொதுப் பயனை அறிக்கை பிரித்துக் காட்டவில்லை. கட்டணத் தொகைக்கேற்ப ஓட்டுக்கு எடை உண்டு; நகராட்சியின் சொந்த நிலங்களுக்கு அத்தனை எடை எப்படி வந்தது என்பதற்கும் சரியான விளக்கம் இல்லை. அதற்கு முன்பே, 2008-இல், சான்டா கிளாரா வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கிவிட்டது: அரசு அமைப்பு சொல்வதை நீதிபதிகள் அப்படியே ஏற்க வேண்டியதில்லை, அவர்களே சுயமாகப் பரிசீலிக்கலாம். ஆகவே பக்கத்து ஊர் அறிக்கையிலிருந்து ஒரு சதவீதத்தை எடுத்து ஒட்டிவைப்பது சோம்பேறித்தனம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

அடுத்தது கட்டணச் சூத்திரம். சொத்தின் சந்தை மதிப்பைப் பார்த்து இந்தக் கட்டணம் போட முடியாது. மனையின் பரப்பு, கட்டடப் பரப்பு, தெரு முகப்பின் நீளம் போன்றவற்றை வைத்தே போடுகிறார்கள். ஒரு பேச்சுக்கு, பரப்புக்குச் சதுர அடிக்கு 12 சென்ட், முகப்புக்கு அடிக்கு 15 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 5,000 சதுர அடி மனை, 50 அடி முகப்பு என்றால் 600-உம் 750-உம் சேர்ந்து ஆண்டுக்கு 1,350 டாலர். அதே அளவு மனை மூலையில் இருந்து, பக்கவாட்டில் இன்னொரு 100 அடி தெருவைப் பார்த்தால் 2,850 டாலர். நடைபாதை கழுவுவதுதான் முக்கிய வேலை என்றால் இந்த வித்தியாசத்தை நியாயப்படுத்தலாம். விளம்பரமும் விழாவும்தான் முக்கியம் என்றால் மூலைக் கட்டடக்காரர் சும்மா இருப்பாரா? எந்தச் சேவைக்கு எந்த அளவுகோல் என்பதை முதலில் பொருத்திவிட்டு, அப்புறம் விலை போடுங்கள். அரசுக் கட்டடங்களையும் விட்டுவிடக் கூடாது. தனிப் பயனே இல்லை என்று தெளிவான, நம்பத்தகுந்த ஆதாரத்தோடு காட்டினால் ஒழிய அவையும் கட்டணம் கட்டியாக வேண்டும்.

ஓட்டு விஷயத்தில் சொத்துக்காரர்களே ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. முதல் கட்டம் மனு: மொத்தக் கட்டணத்தில் 50 சதவீதத்துக்கு மேல் கட்டப்போகிறவர்கள் கையெழுத்திட வேண்டும். சான் பிரான்சிஸ்கோ தன் உள்ளூர்ச் சட்டத்தால் இதை 30 சதவீதமாகக் குறைத்திருக்கிறது. இந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போடாமல் இருந்தாலே எதிர்ப்புக்குச் சமம். இரண்டாம் கட்டத்தில், குறைந்தது 45 நாள் அவகாசத்தோடு தபாலில் வாக்குச்சீட்டு வரும். அங்கே திரும்பி வந்த சீட்டுகளை மட்டுமே, கட்டணத் தொகைக்கேற்ற எடையோடு எண்ணுவார்கள். ‘நமக்கு இஷ்டமில்லை, தூக்கிப் போடு’ என்று குப்பையில் எறிந்தவரின் எதிர்ப்பு கணக்கிலேயே வராது. கடையை வாடகைக்கு எடுத்தவர் நிலைமை இன்னும் மோசம்: ஒப்பந்தப்படி கட்டணம் அவர் தலையில் விழலாம், ஓட்டு மட்டும் கட்டடக்காரருக்கு. கடைக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசாமல் வட்டாரம் அமைத்தால் முதல் பில் வந்த மாதமே சண்டைதான்.

வட்டாரம் வந்த பிறகு நகராட்சி மெல்லக் கையை எடுப்பதும் நடக்கும். வாரம் மூன்று முறை காலியான குப்பைத்தொட்டி ஒரு முறையாகிவிடும், மிச்சத்தை நம் ஆட்கள் பார்ப்பார்கள். கட்டணம் என்பது இருக்கும் சேவைக்கு மேல் கூடுதலாகத் தருவதற்கு. எனவே எத்தனை முறை பெருக்குவது, எத்தனை தொட்டி, எந்த விளக்கு யார் பொறுப்பு என்று தொடக்கத்திலேயே நகராட்சியிடம் எழுதி வாங்காவிட்டால், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கக்கூட ஒன்றும் இருக்காது.

“நாங்கள் தனியார் சங்கம்தானே” என்று கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் போடுவதும் செல்லாது. 2001-இல் ஹாலிவுட் வட்டார வழக்கில், அத்தகைய சங்கமும் பிரவுன் சட்டத்துக்கு, அதாவது பொதுக் கூட்ட விதிகளுக்குக் கட்டுப்பட்டது என்று தீர்ப்பானது. பதிவேடுகளைக் கேட்டாலும் தர வேண்டும். வீடற்றவர்களை விரட்டும் சட்டங்களுக்காக இந்தச் சங்கங்கள் காய் நகர்த்துவதைப் பற்றி 2018-இல் பெர்க்லி சட்டக் கல்லூரி ஆய்வு எழுதியது. தெருவைக் கழுவக் கொடுத்த பணத்தில் அரசியல் செய்வது தவறு என்பது என் கருத்து. கணக்குக் கேட்கிறவர்களும் அங்கேதான் முதலில் நோண்டுவார்கள்.

கடைசியாகக் காலக்கெடு. முதல் முறை அதிகபட்சம் 5 ஆண்டு, புதுப்பித்தால் 10 ஆண்டு. வருடாந்தர உயர்வுக்கான உச்சவரம்பைத் திட்டத்தில் எழுத மறந்துவிட்டால், கூலி ஏறும்போது கட்டணத்தை ஏற்ற மறுபடி ஓட்டுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் ஆட்களைக் குறைக்க வேண்டும். 5 சதவீதம் என்று எழுதிவைத்து ஒவ்வொரு ஆண்டும் முழுசாக ஏற்றினால், மேலே சொன்ன 1,350 டாலர் பத்தாவது ஆண்டில் ஏறத்தாழ 2,094 ஆகிவிடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கெடு முடிவதற்கு ஒரு வருடமாவது முன்பே புதுப்பிக்கும் வேலையில் இறங்க வேண்டும். புதுப்பிக்காமல் வட்டாரம் காலாவதியானால், கடன்களை அடைத்தபின் மிஞ்சிய பணத்தைச் சங்கம் வைத்துக்கொள்ள முடியாது. கட்டியவர்களுக்கே அதே விகிதத்தில் திருப்பித் தர வேண்டும்.