டாப்சோனியன் தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்துதல்

சாதாரண டாப்சோனியன் தொலைநோக்கியைக் கையால் தள்ளித்தான் திருப்ப வேண்டும். புவியின் சுழற்சிக்கு ஈடாக அதை நகர்த்தும் மோட்டார் எதுவும் அதில் இல்லை. அமெரிக்க வானியல் ஆர்வலர் ஜான் டாப்சன் பரப்பிய இந்த அமைப்பு தெருவோரத்தில் நின்று வானத்தைக் கண்ணால் பார்ப்பவர்களுக்கானதே தவிர, படம் எடுப்பவர்களுக்கானது அன்று. ஆயினும் 8 அங்குல ஆடியும் 1200 மி.மீ. குவியத்தூரமும் கொண்ட சாதாரண டாப்சோனியனைக் கொண்டே நிலவை மிக நேர்த்தியாகப் படமெடுக்க முடியும். கேமராவை மாட்டுவது கடினமன்று. மாட்டிய பிறகு ஃபோகஸ் கிடைக்காமல் போவதுதான் பெரும்பாலோரைத் திகைக்க வைக்கிறது. ஆகவே எதையும் வாங்குவதற்கு முன்பாக ஒரு சிறிய சோதனையைச் செய்துவிடுங்கள்.

நிலவைப் பார்வைப்புலத்தின் நடுவில் கொண்டுவந்து, கண்ணருகு லென்ஸைக் கழற்றிவிட்டு, அந்த லென்ஸ் செருகியிருந்த, உள்ளும் வெளியும் நகரும் குழாயான ஃபோகசரை முழுவதுமாக உள்ளே இறக்குங்கள். அதன் வாய்க்கு மேலே ஒரு பட்டர் காகிதத்தைப் பிடித்து மெல்ல மேலும் கீழும் நகர்த்தினால், ஓரிடத்தில் ஏறத்தாழ 11 மி.மீ. அகலமுள்ள நிலவு அதில் தெளிவாக விழும். அந்தக் காகிதம் ஃபோகசரின் வாயிலிருந்து எத்தனை மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்குப் பதிலாக டி-ரிங் எனும் இணைப்பு வளையத்தை மாட்டும்போது, அந்த வளையத்தின் முகப்பிலிருந்து சென்சார் வரை 55 மி.மீ. இருக்கும். எனவே உங்கள் அளவு 60 மி.மீ.க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 20 அல்லது 30 மி.மீ. மட்டுமே இருந்தால், ஃபோகசரை எவ்வளவு உள்ளே தள்ளினாலும் படம் மங்கலாகவே இருக்கும்.

வாங்க வேண்டியவை இரண்டே: உங்கள் கேமராவின் மவுண்டுக்கு உரிய டி-ரிங், அதில் திருகி ஃபோகசருக்குள் செருகும் மூக்குக் குழாய். ஃபோகசர் 2 அங்குலமாக இருந்தால் மூக்குக் குழாயும் 2 அங்குலமாகவே இருக்கட்டும், 1.25 அங்குல இடைவளையத்தின் தடிமன் அதனால் மிச்சமாகும்.

அப்படியும் தூரம் போதவில்லையென்றால், பிம்பத்தைப் பெரிதாக்கும் பார்லோ லென்ஸ் எளிய தீர்வு; அது குவியப்புள்ளியை வெளியே தள்ளிவிடும். சில பார்லோக்களின் மேல்பகுதியைக் கழற்றினால், டி-ரிங் நேரடியாகத் திருகும் மறை இருக்கும். ஆனால் 2 மடங்கு பார்லோவில் நிலவின் பிம்பமும் சுமார் 22 மி.மீ. ஆகிவிடுவதால் ஏபிஎஸ்-சி எனும் நடுத்தர அளவு சென்சாரில் முழு நிலவு அடங்காது. இன்னொரு வழி, நீளமான திருகுகளைப் போட்டு முதன்மை ஆடியைச் சில செ.மீ. மேலே ஏற்றுவது. ஆடிகளை மீண்டும் நேர்ப்படுத்தவும், கண்ணால் பார்க்கும்போது நீட்டிப்புக் குழாய் போடவும் தயாராக இருப்பவர்கள் மட்டுமே அதில் இறங்கலாம்.

எடையையும் கவனிக்க வேண்டும். முதன்முறை நான் கேமராவை மாட்டிவிட்டுக் கையை எடுத்ததும் குழாய் தலைகுப்புறச் சாய்ந்தது. பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தங்களை இரும்புக் குழாயின் அடிப்பக்கத்தில் ஒட்டிய பிறகே அது சமநிலைக்கு வந்தது. கேமராவின் கழுத்துப்பட்டையைக் குழாயோடு சேர்த்துக் கட்டிவைப்பதும் நல்லது.

இனி நேரக்கணக்கு. வானநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள பொருள் வினாடிக்கு 15 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) நகர்கிறது. 3.9 மைக்ரான் பிக்சல் கொண்ட கேமராவை 1200 மி.மீ. குவியத்தூரத்தில் வைத்தால், ஒரு பிக்சல் ஏறத்தாழ 0.67 விகலையைக் காட்டும். அதாவது ஒரே வினாடியில் படம் 22 பிக்சல் இழுபடும். ஓரியன் நெபுலாவுக்கு நீண்ட எக்ஸ்போஷர் கொடுக்கும் ஆசையை இந்த ஒரு கணக்கே அடக்கிவிடும். அரைநிலவுக்கு ஐஎஸ்ஓ 200-இல் 1/125 முதல் 1/250 வினாடி வரை முயன்று பாருங்கள். முழுநிலவுக்கு 1/500 அளவில் தொடங்கலாம். பார்லோ போட்டால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பதால் ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளுங்கள்.

லைவ் வியூவை 10 மடங்கு பெரிதாக்கி, ஒளிக்கும் இருளுக்கும் இடையிலுள்ள பள்ளங்களின் விளிம்பில் ஃபோகஸ் செய்யுங்கள். பின்னர் நிலவு படச்சட்டத்துக்குள் நுழையும் ஓரத்தில் இருக்குமாறு குழாயைத் திருப்பி நிறுத்திக் கையை எடுத்து, குழாயின் அதிர்வு அடங்கியதும் ரிமோட்டால் படமெடுக்கத் தொடங்குங்கள். நிலவு தன் அகலத்தைக் கடக்கச் சுமார் 2 நிமிடம் ஆகும். அதற்குள் முப்பது நாற்பது படங்கள் எடுத்து, அவற்றை ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் அடுக்கினால் காற்றின் நடுக்கம் பெருமளவு மறையும். வியாழனுக்கும் சனிக்கும் இதே முறையில் வீடியோ எடுக்கலாம். குழாயின் முன்வாயை முழுதும் மூடும் சூரிய வடிகட்டி இல்லாமல் சூரியன் பக்கம் மட்டும் ஒருபோதும் திருப்பாதீர்கள்.

தமிழ்நாட்டில் நிலவு பல இரவுகளில் உச்சிக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. குழாய் செங்குத்தாக நிற்கும்போது டாப்சோனியனின் அடிப்பலகையைத் துல்லியமாகத் திருப்புவது பெரும்பாடு. எனவே நிலவு 40 முதல் 65 பாகை உயரத்தில் இருக்கும்போதே வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.