புது மிஸ்ஸியைத் தனியே விடாதீர்கள்: மூத்த தாதியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பார்த்துப் பார்த்துப் பழகிக்கோ." பயிற்சி முடித்து வாட்டுக்குள் காலெடுத்து வைக்கும் புதுத் தாதியிடம், அதாவது நோயாளிகள் 'மிஸ்ஸி' என்று கூப்பிடுகிறவளிடம், நாங்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது இதைத்தான். முதல் தவறும் அங்கேதான் தொடங்குகிறது. பக்கத்தில் நின்று பார்த்தால் நம் கை என்ன செய்கிறது என்று தெரியும். அந்த நேரத்தில் அது ஏன் அங்கே போனது என்பது வாய் திறந்து சொன்னால்தான் தெரியும்.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில், ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் வேலை செய்தவர்களுக்குக் குளவிக்கொட்டு பழகிய விஷயம். ஒரு மழைநாள் மத்தியானம், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவைத் தோட்ட லொறியில் தூக்கிவந்தார்கள். இடுப்பில் கட்டிய படங்குகூட அவிழ்க்கவில்லை. முகம் வீங்கியிருந்தது, மூச்சு இழுத்தது. என்னோடு நின்றவள் வேலைக்கு வந்து மூன்று வாரமேயான பிள்ளை. கடும் ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் மருந்துக் குப்பியை உடைத்து மருந்தை இழுக்கும்போது அவளுக்குக் கை நடுங்கியது. நான் ஊசியைப் பறித்து நானே போட்டேன். அம்மா பிழைத்துக்கொண்டார்.

அந்த நிமிடத்தில் பறித்தது சரி. பிறகு அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த கட்டிலுக்குப் போனேனே, அதுதான் என் தவறு. மாதங்கள் கழித்துச் சொன்னாள்: "என் கையை நம்ப மாட்டீங்கன்னு நெனச்சேன் அக்கா." அன்று அவள் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

பத்து நிமிடம் உட்காரவைத்து நான் சொல்லியிருக்க வேண்டியவை இவை. எத்தனை கொட்டு என்று எண்ணும் முன் குரலைக் கேள். குரல் கம்மினால் தொண்டை வீங்குகிறது என்று அர்த்தம். அட்ரினலின் பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். தேறவில்லையென்றால் 5 நிமிடத்தில் மறுபடியும். தலை சுற்றுகிறவரை எழுப்பி நடக்கவிடாதே. தேறிவிட்டார் என்று உடனே அனுப்பிவிடாதே, சில மணி நேரம் கழித்தும் அதே வீக்கமும் மூச்சுத்திணறலும் திரும்ப வரலாம். இதெல்லாம் பாடத்தில் இருக்கிறதுதான். ஆனால் கண்முன் ஒரு ஆள் மூச்சுக்குத் திணறும்போது பாடம் நினைவுக்கு வராது, கூட நின்றவர் சொன்னதுதான் வரும்.

"படிச்சிட்டுத்தானே வந்திருக்கா" என்று நினைப்பதும் ஆபத்து. பொட்டாசியம் குளோரைட்டை நேராக நாளத்தில் தள்ளக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் முதல் தடவை அந்த மருந்தை எடுக்கும்போது பக்கத்தில் நின்று இன்னொரு முறை சொல்லுங்கள்.

தோட்டப்புறத்து வாட்டில் பெயர்க் குழப்பம் பெரிய பொறி. ஒரே நேரத்தில் இரண்டு லெட்சுமி, மூன்று ராமையா இருப்பார்கள். கட்டில் போதாமல் இடம் மாறியும் படுத்திருப்பார்கள். "நீங்கதானே லெட்சுமி?" என்று கேட்டால் சரியாகக் காதில் விழாதவரும் "ஆமா மிஸ்ஸி" என்பார். "ஒங்க பேரு என்னம்மா? எந்தத் தோட்டம், எந்த டிவிஷன்?" என்று கேட்டு, பெட் டிக்கெட்டோடு (நோயாளியின் குறிப்பேட்டோடு) ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மருந்து. இதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

அடுத்தது மொழி. டொக்டரின் குறிப்பு ஆங்கிலத்தில், வாட்டுப் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில், நோயாளி தமிழில். தமிழ் பேசும் புதுப்பிள்ளை வந்துவிட்டால் எல்லோரும் அவளை மொழிபெயர்க்கக் கூப்பிடுகிறார்கள். சேலைன் ஏற்றவும் காயம் கட்டவும் பழக வேண்டிய பிள்ளை நாள் முழுக்கக் கட்டிலுக்குக் கட்டில் ஓடுகிறாள். இது அவளுக்குச் செய்கிற அநியாயம். சிங்களப் பிள்ளை வந்தால் நாலு தமிழ் வார்த்தையை அவளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். "நெஞ்சு கரிக்குது" என்று சீனி வருத்தக்கார ஆச்சி சொன்னால் அதைச் சாப்பாட்டுக் கோளாறு என்று விட்டுவிடாமல் ஈசிஜி எடுக்கக் கேட்க வேண்டும். "ஒண்ணும் இல்ல மிஸ்ஸி" என்று சொல்லிக்கொண்டே வியர்த்துக் கொட்டுகிற ஆளின் வார்த்தையைவிட அந்த வியர்வையை நம்ப வேண்டும்.

நோயாளி முன்னால் திட்டாதீர்கள். ஒருமுறை திட்டினால் அந்தப் பிள்ளை அடுத்த சந்தேகத்தை மறைத்துவிடும். மறைத்த சந்தேகம்தான் ஆளைக் கொல்லும்.

புதியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: புரியாமல் தலையாட்டாதீர்கள். போனில் டொக்டர் மருந்து சொன்னால் எழுதி, அளவோடு திருப்பி வாசித்துக் காட்டுங்கள். "இன்னொரு தரம் சொல்லுங்க" என்று கேட்பதில் வெட்கமில்லை.

"எங்களையும் அப்படித்தான் விட்டாங்க" என்று சொல்லும் மூத்தவர்களின் வலி எனக்குத் தெரியும். வேலைச் சுமையும் தெரியும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கை தேர்ந்தவர்கள் பலர் வெளிநாடு போய்விட்டார்கள், மிச்சமிருப்பவர்கள் தலையில்தான் எல்லாம். ஆனால் ஆள் குறைவு என்று முதல் மாதத்திலேயே புதுப்பிள்ளையை இரவு டியூட்டியில் தனியே போட்டால், விடியும்வரை நாற்பது உயிர் அவள் கையில். வேறு வழியே இல்லையென்றால், டியூட்டி ஒப்படைக்கும்போது எந்தக் கட்டிலைப் பற்றி உங்களுக்குப் பயம் என்று பெயர் சொல்லிவிட்டுப் போங்கள். எந்த நேரமும் கூப்பிடலாம் என்று சொல்லுங்கள். இரவு இரண்டு மணிக்கு அவள் கூப்பிட்டால், அது ஒன்றுமில்லாத விஷயமாக இருந்தாலும், முகம் சுளிக்காமல் எழுந்து வாருங்கள்.