பழைய பேய்க்கதை பேப்பர்பேக் சேர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

1967-ல் 'ரோஸ்மேரிஸ் பேபி', 1971-ல் 'தி எக்ஸார்சிஸ்ட்' என்று இரண்டு நாவல்கள் சக்கைப்போடு போட்டன. அதன்பிறகு அமெரிக்கப் பதிப்பகங்கள் பேய்க்கதை பேப்பர்பேக்குகளாக அச்சடித்துத் தள்ளின. மருந்துக் கடையிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் கம்பி ஸ்டாண்டில் தொங்கிய மலிவு விலைப் புத்தகங்கள் அவை. பாதி ஆசிரியர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. அட்டைதான் ஆளை இழுத்தாக வேண்டும். இன்று அவற்றைச் சேர்ப்பவர்களும் பெரும்பாலும் அட்டைக்காகத்தான் சேர்க்கிறார்கள். அந்த அட்டையைத்தான் சரியாகப் பார்ப்பதில்லை.

முன்பக்க போட்டோவை மட்டும் பார்த்துப் பணம் அனுப்புவதுதான் பெரிய தவறு. இவற்றில் பல புத்தகங்களுக்கு அட்டை ஒன்றல்ல, இரண்டு. வெளி அட்டையில் சாவித்துளை போலவோ ஜன்னல் போலவோ ஓட்டை வெட்டியிருப்பார்கள். அதன் வழியே ஒரு முகம் எட்டிப் பார்க்கும். திறந்தால் முழுப்பக்க ஓவியம். 1979-ல் பாக்கெட் புக்ஸ் வெளியிட்ட 'ஃப்ளவர்ஸ் இன் தி அட்டிக்' இதற்குப் பேர்போனது. அதே நாவல் பிறகு ஓட்டை இல்லாமலும் வந்திருக்கிறது. போட்டோவில் வித்தியாசம் சட்டென்று தெரியாது. உள் ஓவியம் இருக்கிறதா, ஓட்டையின் ஓரம் கிழிந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். முதலில் மடங்குவது அந்த ஓரம்தான்.

கிழிந்திருந்தால் செல்லோடேப் பக்கமே போகாதீர்கள். நான் போனேன். சில வருடங்களில் டேப் பழுத்து மஞ்சளாகி, அதன் பசை உள் ஓவியம்வரை ஊறிவிட்டது. சும்மா விட்டிருந்தால் ஒரு சின்னக் கிழிசலோடு போயிருக்கும். விலை ஸ்டிக்கருக்கும் இதே கதைதான். பளபளக்கும் ஃபாயில் எழுத்தின் மேல் ஒட்டியிருந்தால் அப்படியே இருக்கட்டும். உரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும்.

பிளாஸ்டிக் உறை போடுவது நல்லதுதான், ஆனால் பிவிசி வேண்டாம். நாளாக ஆக அது பிசுபிசுத்து அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரோப்பிலீன் உறை வாங்குங்கள். வெயில் படும் அலமாரியும் ஆகாது. வெளிச்சத்தில் பெரும்பாலும் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுத்து நீலம் மட்டும் தங்கும். பேய்க்கதை அட்டையில் ரத்தமே போய்விட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் ராமபாணப் பூச்சியையும் கணக்கில் வையுங்கள். சுவரை ஒட்டி அடுக்காதீர்கள்.

படிக்கும்போது புத்தகத்தை முழுக்க விரிக்காதீர்கள். முதுகில் இருப்பது வெறும் பசை. காய்ந்து மொறுமொறுப்பாகியிருக்கும், பட்டென்று உடையும்.

அட்டையில்லாத பிரதி மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் வாங்குகிறார்கள். அமெரிக்காவில் விற்காத பேப்பர்பேக்கின் அட்டையை மட்டும் கிழித்துப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டு, மீதியைக் கடைக்காரர் அழித்துவிட வேண்டும். அழிக்காமல் வெளியே விற்றவைதான் பெரும்பாலும் இப்படி வருகின்றன. அட்டைக்காகச் சேர்ப்பவருக்கு அது எதற்கு?

விலையை வைத்து அட்டையை எடைபோடுவதும் தவறு. பிரபல பேய்க்கதை எழுத்தாளர் ஸ்டீபன் கிங் வேறு பெயரில் எழுதி 1977-ல் சிக்னெட் வெளியிட்ட 'ரேஜ்' இன்று எக்கச்சக்க விலை. பள்ளியில் துப்பாக்கி எடுக்கும் மாணவனின் கதை அது. நிஜத்தில் நடந்த பள்ளித் துப்பாக்கிச் சூடுகளுக்குப் பிறகு அவரே அதை மறுபதிப்பு வராமல் நிறுத்திவிட்டார், அதனால்தான் அந்தக் கிராக்கி. ஓவியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கடைசியாக, "இதே எலும்புக்கூடுதானா" என்று சிரித்துவிட்டு நகர்வது. ஸீப்ரா புக்ஸ் என்ற பதிப்பகத்தின் அட்டைகளில் எலும்புக்கூடுகள் கொட்டிக் கிடக்கும். அவற்றில் பலவற்றை வரைந்த வில்லியம் டீசன், டெல் பதிப்பகத்துக்காக அகதா கிறிஸ்டி அட்டைகள் வரைந்தவர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல புத்தகங்களில் ஓவியர் பெயர் உள்ளே எங்கும் இருக்காது. அட்டையின் கீழ் மூலையில், புல்லுக்கும் நிழலுக்கும் நடுவே, சின்னதாக ஒரு கையெழுத்து இருந்தாலும் இருக்கும்.