வீட்டுப் புல்வெளிக்கு ரைடிங் மோவர் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ராலே, கேரி, ஷார்லட் போன்ற ஊர்களில் சில ஆண்டுகள் அடுக்ககத்தில் வாடகைக்கு இருந்துவிட்டு முதன்முதலாகத் தனி வீடு வாங்கும் நம்மவர்கள், சமையலறை எந்தத் திசையில் இருக்கிறது, பள்ளி எப்படி, அலுவலகத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பலமுறை எண்ணிப் பார்ப்பார்கள். வீட்டைச் சுற்றியுள்ள புல்வெளியை மட்டும் அழகாக இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். வட கரோலினாவின் நடுப்பகுதியில் மார்ச் மாதத்தில் தழையத் தொடங்கும் புல் நவம்பர் வரை ஓயாது. ஏப்ரல், மே மாதங்களில் வாரம் ஒரு முறை வெட்டியே தீர வேண்டும். இரண்டு வாரம் விட்டால் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வரும். பல நகரங்களில் புல்லின் உயரத்துக்கு நகராட்சி விதியும் உண்டு. இந்த நெருக்கடியில், ஒரு சனிக்கிழமை கடைக்குப் போய், கண்ணில் பட்ட ரைடிங் மோவரை, அதாவது உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் இயந்திரத்தை, இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் கொடுத்து வாங்கி வருபவர்கள் பலர். நானும் அப்படித்தான் வாங்கினேன். அந்த அவசரம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கடைக்குப் போவதற்கு முன் நிலத்தை அளந்துவிடுங்கள். பத்திரத்தில் அரை ஏக்கர் என்று இருப்பது மொத்த மனையின் அளவு. வீடு, கார் நிறுத்தும் தளம், மரங்கள், பூச்செடிப் பாத்திகள் ஆகியவற்றைக் கழித்தால்தான் வெட்ட வேண்டிய புல்லின் பரப்பு தெரியும். நமக்குச் சென்ட் கணக்கு பழக்கம் என்பதால் இது எளிது: ஓர் ஏக்கர் என்பது 100 சென்ட், அதாவது 43,560 சதுர அடி. இணைய வரைபடத்தின் செயற்கைக்கோள் படத்தில் புல்வெளியின் ஓரங்களைக் குறித்தாலே பரப்பு கிடைத்துவிடும். 21 அங்குல அகலம் வெட்டும் சாதாரணத் தள்ளு மோவரோடு மணிக்கு 3 மைல் வேகத்தில் நடந்தால், திருப்பங்களையும் வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதையும் கழித்து, ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 50 சென்ட் முடியும். 42 அங்குல ரைடிங் மோவரை மணிக்கு 4 மைல் வேகத்தில் ஓட்டினால் அதே நேரத்தில் 130 சென்ட் வரை முடியும். புல் மட்டும் 30 சென்டுக்குக் குறைவாக இருந்தால் ரைடிங் மோவர் தேவையில்லை என்பது என் கருத்து. தானாக நகரும் நல்ல தள்ளு மோவர் ஒன்று போதும்; அது வண்டிக்கொட்டகையில் இடத்தையும் அடைக்காது. 50 சென்டைத் தாண்டும்போதுதான் உட்கார்ந்து ஓட்டும் இயந்திரத்துக்கு உண்மையான தேவை பிறக்கிறது.

பரப்பைவிட முக்கியமானது சரிவு. இந்தப் பகுதி மேடும் பள்ளமுமான செம்மண் நிலம். வீட்டின் முன்புறம் சமமாகவும் பின்புறம் ஓடையை நோக்கி இறங்கியும் இருப்பது சாதாரணம். பெரும்பாலான ரைடிங் மோவர்களின் கையேடுகள் 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஓட்டக்கூடாது என்றே சொல்கின்றன. சில இயந்திரங்களுக்கு வரம்பு 10 பாகைதான். 15 பாகை என்றால் 10 அடி கிடைமட்டத் தூரத்துக்கு ஏறக்குறைய 2 அடி 8 அங்குலம் உயர்வது. ஒரு நீண்ட பலகையைச் சரிவில் கிடத்தி, அதன்மேல் கைப்பேசியை வைத்து, அதிலுள்ள மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்தால் பாகை தெரிந்துவிடும். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஏனெனில் நின்று பார்க்கும்போது மெல்லியதாகத் தோன்றும் சரிவு, இருக்கையில் அமர்ந்து இறங்கும்போது முற்றிலும் வேறாக இருக்கும். ரைடிங் மோவரைச் சரிவில் மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும், குறுக்காக ஓட்டினால் கவிழும் அபாயம் உண்டு. தள்ளு மோவருக்கு இதற்கு நேர்மாறாகக் குறுக்காகவே தள்ள வேண்டும், இல்லாவிட்டால் கால் வழுக்கிக் கத்தியின் அடியில் போய்விடக்கூடும். உங்கள் நிலத்தில் ஒரு மூலை மட்டும் செங்குத்தாக இருந்தால் அந்த மூலையைத் தள்ளு மோவருக்கு விட்டுவிடுங்கள், அல்லது புல்லை எடுத்துவிட்டுப் படரும் செடிகளை நடுங்கள். அந்த மூலைக்காகப் பெரிய இயந்திரம் வாங்குவது தவறு.

இங்கேதான் ஸீரோ டர்ன் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடையில் இரண்டு வகைகள் நிற்கும். ஒன்று ஸ்டியரிங் சக்கரம் கொண்ட டிராக்டர் வடிவம். மற்றது இரண்டு நெம்புகோல்களால் பின் சக்கரங்களைத் தனித்தனியே இயக்கி, நின்ற இடத்திலேயே திரும்பும் ஸீரோ டர்ன். மரங்களையும் பாத்திகளையும் சுற்றி வெட்ட ஸீரோ டர்னுக்கு இணையில்லை, சமநிலத்தில் நேரமும் வெகுவாக மிச்சமாகும். ஆனால் அதன் முன் சக்கரங்கள், கடையில் பொருள்களை வைத்துத் தள்ளும் வண்டியின் முன் சக்கரங்களைப் போலத் தாமாகச் சுழல்பவை; வழக்கமான மாடல்களில் அவற்றால் வண்டியைத் திருப்ப முடியாது. ஈரப் புல்லில் பின் சக்கரங்களின் பிடி விட்டுப்போனால் திருப்பும் வழி, நிறுத்தும் வழி இரண்டும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன. புதிய குடியிருப்புகளில் மழைநீரைத் தேக்கும் குளம் வீட்டுப் பின்புறத்தை ஒட்டியே இருக்கும். அந்தக் கரையின் அருகில் எந்த மோவரையும் ஓட்டவே கூடாது. சரிவான பின்புறம் உள்ளவர்கள் டிராக்டர் வடிவத்தையே வாங்கலாம் என்பது பல ஆண்டுப் பழக்கத்தில் நான் வந்து சேர்ந்த முடிவு.

வேலிக் கதவின் அகலத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 42 அங்குலம் என்பது கத்திகள் வெட்டும் அகலம் மட்டுமே. பக்கவாட்டில் புல்லை வெளியே தள்ளும் மூடியையும் சேர்த்தால் இயந்திரத்தின் முழு அகலம் ஏறக்குறைய ஓர் அடி கூடும். நான் முதலில் வாங்கியது 46 அங்குல டெக் (கத்திகளை மூடியிருக்கும் அடித்தகடு) கொண்டது. எங்கள் பின்புற வேலிக் கதவு 48 அங்குலம் என்பதால் தாராளமாகப் போகும் என்று நம்பினேன், போகவில்லை. வேலியின் இரண்டு கம்பங்களைப் பிடுங்கி நட்டுக் கதவை அகலப்படுத்த வேண்டியதாயிற்று.

இயந்திரத்தின் உள்ளே பார்ப்போம். விற்பனையாளர் முதலில் சொல்வது குதிரைத்திறனைத்தான். 42 அங்குல டெக்குக்கு 17 அல்லது 18 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை சிலிண்டர் எஞ்சினே போதும். இரட்டை சிலிண்டர் எஞ்சின் அதிர்வு குறைவாக ஓடும், அவ்வளவே. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், கோலர், கவாசாகி ஆகிய மூன்று நிறுவனங்களின் எஞ்சின்களைத்தான் பெரும்பாலும் பல நிறங்களில் பல பெயர்களில் நீங்கள் பார்ப்பீர்கள், மூன்றுமே நன்கு பராமரித்தால் நெடுநாள் உழைப்பவை. வீட்டு மோவர்களில் எஞ்சினுக்கு முன்பே களைத்துப்போவது பெரும்பாலும் எஞ்சினின் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் டிரான்ஸ்மிஷன். இப்போதைய ரைடிங் மோவர்கள் பெரும்பாலானவற்றில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன் இருக்கிறது. மிதியை அழுத்தினால் நகரும், கியர் மாற்ற வேண்டியதில்லை. விலை குறைந்த மாடல்களில் அதை முழுவதும் மூடி அனுப்புகிறார்கள், எண்ணெய் மாற்ற எளிய வழி இராது. சரிவில் ஏறி இறங்கும்போதும் பாரம் இழுக்கும்போதும் அந்த எண்ணெய் சூடேறி இளகி, காலப்போக்கில் இழுவை குறைகிறது. புதிதாக மாற்றும் செலவு இயந்திரத்தின் விலையில் பெரும் பகுதியைத் தின்றுவிடும். ஆகவே குதிரைத்திறனுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதற்குப் பதிலாக, எண்ணெய் மாற்றக்கூடிய, கனமான டிரான்ஸ்மிஷன் உள்ள மாடலுக்கு அதே பணத்தைக் கொடுங்கள். சரிவு உள்ளவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

ஒரே நிறுவனப் பெயரின் கீழ் வெவ்வேறு தரங்கள் இருப்பதையும் கவனியுங்கள். ஜான் டியரின் எஸ்100 வரிசையும் எக்ஸ்300 வரிசையும் ஒரே பச்சை நிறம்தான், ஆனால் உடற்சட்டகமும் உறுப்புகளும் விலையும் வேறு. கப் கேடட், ஹஸ்க்வர்னா, டோரோ ஆகியவற்றிலும் இப்படியே. டெக்கின் தகட்டைப் பற்றிக் கேட்கும்போது, தடிமனைக் குறிக்கும் கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிமனாகும் என்பதை நினைவில் வையுங்கள். 10 கேஜ் தகடு 13 கேஜைவிடக் கனமானது.

நம்பகமான மோவர் எது என்று என்னைக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, உங்கள் வீட்டுக்கு அருகில் யார் பழுது பார்க்கிறார்கள் என்பதுதான். என் முதல் மோவரை ஒரு பெரிய கடையில் வாங்கினேன். மே மாதத்தில் டெக்கில் கத்தியைச் சுழற்றும் தண்டு ஒன்று உடைந்தபோது, விற்ற கடை பழுது பார்ப்பதில்லை என்று தெரிந்தது. அவர்கள் அனுப்பிய பணிமனையோ தன்னிடம் வாங்கியவர்களின் இயந்திரங்களை முதலில் கவனித்தது. ஐந்து வாரம் காத்திருந்தேன், அதற்குள் சங்கத்தின் கடிதமும் வந்துவிட்டது. உத்தரவாதம் செல்லுபடியாகத்தான் இருந்தது, ஆனால் வளரும் புல்லுக்கு அது தெரியாது. எனவே பிப்ரவரியிலேயே சுற்றுவட்டாரப் பணிமனைகளைத் தொலைபேசியில் அழையுங்கள். எந்த நிறுவனத்தின் இயந்திரங்களைப் பார்க்கிறீர்கள், வேறு கடையில் வாங்கியதை எடுப்பீர்களா, ஏப்ரலில் எத்தனை நாள் ஆகும், வீட்டுக்கு வந்து ஏற்றிச் செல்வீர்களா என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லும் பணிமனை எந்த நிறுவனத்தை விற்கிறதோ, அதை வாங்குவது நூறு டாலர் கூடுதலானாலும் தகும். உத்தரவாதத் தாளைப் படிக்கும்போது, ஆண்டுக் கணக்கு மட்டும் உள்ளதா, அல்லது ஆண்டு, ஓடிய மணி இரண்டில் எது முந்துகிறதோ அதோடு முடிகிறதா என்று பாருங்கள்.

பழையதை வாங்குவதிலும் தவறில்லை. விற்பவரிடம், நான் வரும்வரை எஞ்சினைத் தொடாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் எப்படிக் கிளம்புகிறது என்பது பல உண்மைகளைச் சொல்லும். நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெயை எரிக்கிறது. டெக்கின் அடிப்பகுதியைத் துரு தின்றிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பிறகு இருபது நிமிடமாவது ஓட்டிச் சூடாக்கியபின் ஒரு சிறு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். தேய்ந்த ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன் குளிரில் நன்றாக இழுத்து, சூடானதும் தளர்ந்துவிடும்.

மின்கல மோவர்களையும் கருதலாம். எண்ணெய், வடிகட்டி, ஸ்பார்க் பிளக் என்ற தொல்லைகள் இல்லை, சத்தமும் குறைவு. விலையும், சில ஆண்டுகளில் மின்கலத்தை மாற்றும் செலவும்தான் எதிர்ப்பக்கம். கலிபோர்னியாவில் குடியேறுபவர்களுக்கு இதில் தேர்வே குறைவு: அங்கே 2021 ஆம் ஆண்டின் சட்டத்தைத் தொடர்ந்து வந்த விதிகளின்படி, 2024 முதல் தயாராகும் பெரும்பாலான சிறு பெட்ரோல் எஞ்சின்களுக்கு இடமில்லை.

பெட்ரோல் மோவர் வாங்கினால், எத்தனால் 10 விழுக்காட்டுக்கு மேல் கலந்த எரிபொருளை ஊற்றாதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். குளிர்காலம் முழுவதும் தொட்டியில் கிடக்கும் பழைய பெட்ரோல் கார்புரேட்டரை அடைப்பதால்தான், நல்ல மோவர்கள்கூட மார்ச்சில் கிளம்ப மறுக்கின்றன. நவம்பரில் கடைசி வெட்டு முடிந்ததும் எரிபொருளில், அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து, சில நிமிடம் ஓட்டி, பிறகு நிறுத்துங்கள். எஞ்சின் எண்ணெயை 50 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கத்திகளை 25 மணிக்கு ஒருமுறை தீட்டுங்கள். இப்பகுதியில் அதிகம் காணப்படும் டால் ஃபெஸ்க்யூ புல்லை 3 முதல் 4 அங்குல உயரத்தில் விட வேண்டும், பெர்முடா புல்லை 1 முதல் 2 அங்குலம்; உங்கள் புல்லுக்கு வேண்டிய உயரத்தை டெக் தருகிறதா என்பதை வாங்கும்போதே பாருங்கள்.

இன்னொன்றை நம்மவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். ஊரில் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க் மீது பிள்ளையை உட்காரவைத்துத் தெருவைச் சுற்றி வந்த பாசம் இங்கேயும் நம்மோடு வருகிறது. ரைடிங் மோவரைப் பார்த்ததும் பிள்ளை மடியில் ஏறத் துடிக்கும். ஒரு சுற்றுகூட வேண்டாம். தவறி விழும் பிள்ளை, சுழலும் கத்திகளுக்குச் சில அங்குல தூரத்தில் விழுகிறது. ஒருமுறை மடியில் அமர்ந்த பிள்ளை, அடுத்த வாரம் சத்தம் கேட்டதும் மீண்டும் ஏறலாம் என்று பின்னால் ஓடி வரும்; பின்நோக்கி நகரும் மோவரால் நேரும் கொடிய விபத்துகள் பல இப்படித்தான் தொடங்குகின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், 16 வயதுக்கு முன் ரைடிங் மோவரை ஓட்டவும், 12 வயதுக்கு முன் தள்ளு மோவரைத் தள்ளவும் பிள்ளைகளை அனுமதிக்கக்கூடாது என்கிறது. பின்நோக்கிப் போகும்போது கத்தியைத் தானாக நிறுத்தும் அமைப்பும், இருக்கையை விட்டு எழுந்தால் எஞ்சினை நிறுத்தும் அமைப்பும் வேலை செய்கின்றனவா என்று வாங்கும் நாளிலேயே சோதியுங்கள். பழைய இயந்திரங்களில் முந்தைய உரிமையாளர் இவை வேலை செய்யாதபடி கம்பிகளைக் கழற்றி மாற்றி இணைத்திருப்பது உண்டு. வெட்டும் நேரத்தில் பிள்ளைகள் பெரியவர் ஒருவரோடு வீட்டுக்குள் இருக்கட்டும். வேலை முடிந்ததும் சாவியை மோவரிலேயே விட்டுவிடாமல் எடுத்து, அவர்களுக்கு எட்டாத உயரத்தில் மாட்டிவிடுங்கள்.