துப்பாக்கியோட குமுளி மலை ஏறுறதுக்கு முன்னாடி: புதுசா லைசென்ஸ் வாங்கினவங்க செய்யுற தப்புகள்

போன மாசம் ஆயுதத்த கொண்டுவந்து காட்டச் சொல்லி ஸ்டேஷன்ல இருந்து கூப்பிட்டிருந்தாங்க. பெஞ்சுல எனக்குப் பக்கத்துல ஒரு தம்பி, கூடலூர் பக்கம், ஏலக்கா யாவாரம், அப்பா போனதுக்கப்புறம் தொழில அவன்தான் பாக்குறான். புது லைசென்ஸ், புது .32 ரிவால்வர். அத வேட்டி மடிப்புல சொருகி மேல பச்சை பெல்ட்ட இறுக்கிக் கட்டியிருந்தான். பேச்சுவாக்குல, "அண்ணே, நாளைக்கு புற்றடி ஏலத்துக்குப் போறேன், இது இடுப்புல இருந்தா ஒரு தைரியம்ண்ணே"ன்னான். புற்றடி கேரளா பக்கம், ஏலக்கா ஏலம் நடக்குற எடம். எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. பல வருசத்துக்கு முன்னாடி நான் எங்க வீட்டுல சொல்லிட்டுக் கிளம்புன அதே வார்த்தை.

அவனுக்கு அன்னைக்கு ஸ்டேஷன் வாசல்ல டீக்கடையில நின்னு சொன்னதத்தான் இங்க எழுதுறேன். குடிச்சுட்டு தொடாதீங்க, ட்ரிகர்ல விரல் வைக்காதீங்க, புள்ளைங்க கைக்கு எட்டாம பூட்டி வைங்க, இதெல்லாம் லைசென்ஸுக்கு முன்னாடி பயிற்சியிலயே சொல்லிக் குடுத்துருப்பாங்க, அதுக்குள்ள நான் போகல.

லைசென்ஸ் புக்குல ஏரியான்னு ஒரு கட்டம் இருக்கு

இத யாருமே படிக்கிறதில்ல. பேரு சரியா, போட்டோ சரியா, துப்பாக்கி நம்பர் சரியான்னு பாப்பாங்க, தோட்டா எத்தனை வச்சுக்கலாம்னு பாப்பாங்க, இந்த லைசென்ஸ் எந்த எல்லைக்குள்ள செல்லும்னு எழுதியிருக்குற கட்டத்த மட்டும் தாண்டிப் போயிருவாங்க. நம்ம கம்பம் பள்ளத்தாக்குல இருக்குறவங்களுக்கு அந்தக் கட்டம்தான் உசுரு. ஏன்னா நமக்கு வீடு இங்க, தோட்டம் அங்க. காலைல லோயர் கேம்ப் தாண்டி மலையேறுனா கொஞ்ச நேரத்துல குமுளி, அங்க பஸ் ஸ்டாண்டு தமிழ்நாடு, நாலு எட்டு வச்சா கடைவீதி கேரளா. நம்ம மனசுல அது எல்லையே கிடையாது, சொந்தக்காரன் வீட்டுக்குப் போற மாதிரி போறோம். துப்பாக்கிக்கு அது எல்லைதான்.

நான் மாட்டுனது 2012 ஆரம்பத்துல. அதுக்கு முந்துன டிசம்பர்ல முல்லைப் பெரியாறு பிரச்சனையில ரோட்ட மூடி, தோட்டத்துக்குப் போக முடியாம நம்மாளுக எல்லாம் தவிச்சுக் கெடந்தோம்ல, அது அடங்கி வண்டி ஓட ஆரம்பிச்ச நேரம். மேல ஒரு எஸ்டேட்ல பாக்கி வாங்கணும், பணத்தோட இறங்கணும், மனசுக்குள்ள பயம். ரிவால்வர எடுத்து இடுப்புல வச்சுக்கிட்டு ஜீப்ப எடுத்தேன். எல்லை தாண்டி ஒரு வளைவுல வண்டி சோதனை. டேஷ்போர்டத் தொறக்கச் சொன்னாங்க. நானா முந்திக்கிட்டு, "சார், இடுப்புல ரிவால்வர் இருக்கு, லைசென்ஸும் இருக்கு"ன்னு பெருமையா புக்க நீட்டுனேன். அந்த ஆபீசர் நிதானமா ஒவ்வொரு பக்கமா படிச்சாரு. அப்புறம், "சேட்டா, இது தமிழ்நாட்டினு மாத்ரமல்லே?"ன்னு, தமிழ்நாட்டுக்கு மட்டுந்தானேன்னு மலையாளத்துல கேட்டாரு. நான், "சார் அந்தா தெரியுது பாருங்க, அதான் தமிழ்நாடு"ன்னு கையக் காட்டுனேன். அவரு கத்தல, மிரட்டல, தப்பா ஒரு வார்த்தை பேசல. சட்டம் அவர் பக்கம் இருந்துச்சு.

ரிவால்வர், ஆறு ரவுண்டு தோட்டா, லைசென்ஸ் புக்கு எல்லாத்தையும் கேஸ் சாட்சிப் பொருளா எடுத்துக்கிட்டாங்க. ராத்திரி பூரா ஸ்டேஷன் பெஞ்சு. மறுநாள் மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்துனாங்க, வக்கீல் கெஞ்சி ஜாமீன் வாங்குனாரு. வழக்கு ஆயுதச் சட்டம் 25-ஆவது பிரிவுல, அதாவது லைசென்ஸே இல்லாம வச்சிருந்தவன் மாதிரி. அப்ப அதுக்கு ஒரு வருசத்துல இருந்து மூணு வருசம். எங்க வக்கீல் வாதாடுனது என்னன்னா, இவருகிட்ட லைசென்ஸ் இருக்கு, அதோட நிபந்தனையத்தான் மீறிட்டாரு, அதனால 30-ஆவது பிரிவுக்குள்ளதான் வரும்னு. அதுல அதிகபட்சம் ஆறு மாசம், இல்லன்னா 2,000 ரூபா அபராதம், இல்லன்னா ரெண்டும். கடைசியில அபராதத்தோட முடிஞ்சுச்சு. ஆனா அந்தக் கடைசி வர்றதுக்கு மூணு வருசத்துக்கு மேல ஆச்சு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடையப் பூட்டிட்டு மலையேறி, கோர்ட்டு வாசல்ல நின்னு, தேதி வாங்கிட்டு இறங்கி. இதுக்கு நடுவுல நம்ம பக்கத்துல இருந்து இன்னொரு நோட்டீஸ், 17-ஆவது பிரிவுல உங்க லைசென்ஸ ஏன் ரத்து பண்ணக்கூடாதுன்னு விளக்கம் கேட்டு. அந்த நோட்டீஸ எங்கம்மா வாசல்ல நின்னு கையெழுத்துப் போட்டு வாங்குனது இன்னும் என் கண்ணுக்குள்ள நிக்குது. ரிவால்வர் திரும்பக் கைக்கு வந்தப்ப பேரலுக்குள்ள புள்ளி புள்ளியா துரு.

இத்தனைக்கும் அந்த ஒரு நாள் அது எனக்கு எதுக்கும் உதவல.

இப்ப இதே தப்ப செஞ்சா இன்னும் மோசம். 2019-ல சட்டத்த திருத்துனப்ப அந்த ஒரு வருசம் மூணு வருசம்ங்கிறது ரெண்டு வருசம் அஞ்சு வருசமா ஆயிருச்சு. வக்கீல் வாதாடி 30-ஆவது பிரிவுக்கு இறக்குனா உங்க நல்ல நேரம், இறங்கலன்னா என்ன பண்ணுவீங்க?

அந்தத் தம்பி என்கிட்ட திருப்பிக் கேட்டான், "அண்ணே, நம்ம பேரு டெல்லி கம்ப்யூட்டர்ல ஏறியிருக்கே, யூஐஎன் நம்பர் குடுத்துருக்காங்களே, அப்ப இந்தியா பூரா செல்லும்ல?" செல்லாது. நாடு முழுக்க லைசென்ஸ் வச்சிருக்குறவங்க விவரத்த ஒரே எடத்துல பதிஞ்சு வைக்கிறதுக்குத்தான் அந்த நம்பர். எல்லையச் சொல்றது புக்குல இருக்குற அந்தக் கட்டம் மட்டுந்தான். இந்தக் குழப்பம் எனக்குத் தெரிஞ்சே நாலஞ்சு பேருக்கு இருக்கு, ஒவ்வொரு தடவ கேக்கும்போதும் எனக்கு எரிச்சல் வருது, அவங்க மேல இல்ல, லைசென்ஸ் கையில குடுக்கும்போது அந்த ஒரு வரிய வாய்விட்டுப் படிச்சுக் காட்ட ஆளில்லையேன்னு.

பக்கத்து மாநிலத்துலயும் நெசமாவே வேல இருக்கு, பணத்தோட போய் வரணும்னா, காரணத்த எழுதி, தோட்டப் பத்திரம், ஏல லைசென்ஸு, ஜிஎஸ்டி எல்லாம் வச்சு, எல்லைய நீட்டிக்கச் சொல்லி கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுங்க. கெடைக்கலாம், கெடைக்காமப் போகலாம். மனு குடுத்த ரசீது அனுமதி ஆகாது. புக்குல எழுதி சீல் விழுற வரைக்கும் ரிவால்வர் வீட்டு லாக்கர்ல. பணத்த பேங்க் வழியா வாங்குங்க. 2019-ல ஏலக்கா ஏலத்துல கிலோ 7,000 தொட்டப்பகூட நான் வெறுங்கையோடதான் மேல போய் வந்தேன்.

ஆந்திராவுல சித்தூர், புத்தூர், நகரி பக்கம் போற திருத்தணி ஆளுங்களுக்கும் இதே கதைதான். மலை இல்லாததால எல்லை தாண்டுனதே தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தேக்கடியும் மங்கலதேவியும்

எல்லை நீட்டிப்பு வாங்கியிருந்தாலும் இங்க போகும்போது கூடாது. தேக்கடி பெரியாறு புலிகள் காப்பகம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 31-ஆவது பிரிவுப்படி தலைமை வனவிலங்குக் காப்பாளரோட எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாம சரணாலயத்துக்குள்ள எந்த ஆயுதத்தோடயும் நுழையக்கூடாது. சொந்தக்காரங்கள போட்டுல கூட்டிட்டுப் போறோம்னு கிளம்பி இடுப்புல இருக்குறத மறந்து உள்ள போனவங்கள எனக்குத் தெரியும்.

சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு வருசத்துல அந்த ஒரு நாள்தான் விடுறாங்க, நம்ம ஊரே கிளம்பிப் போகும். அங்க கூட்டத்துல ஒருத்தன் துப்பாக்கியோட போனா காடு ஒண்ணு, மாநில எல்லை ஒண்ணு, திருவிழாக் கூட்டத்துக்கு ஆயுதம் கொண்டு போகக்கூடாதுங்கிற லைசென்ஸ் நிபந்தனை ஒண்ணு, மூணும் ஒரே நாள்ல உடையும். அந்த நிபந்தனையில சாமி ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளிக்கூடம் காலேஜ் வளாகம் எல்லாமே வருது, மாஜிஸ்ட்ரேட் தனியா அனுமதி குடுத்தா ஒழிய.

உறை இல்லாம சொருகுறது

வேட்டி மடிப்பு, பச்சை பெல்ட்டு, பேண்ட் பாக்கெட்டு, மஞ்சப்பை, இது எதுவும் உறை கிடையாது. 2016 ஆயுத விதிகள்ல 32-ஆவது விதி தெளிவா சொல்லுது: பொது எடத்துல கைத்துப்பாக்கிய அதுக்குன்னு செஞ்ச உறையில, உடம்போட சேர்த்துத்தான் வச்சுக்கணும், முழுசா மூடியிருக்கணும், அது உங்க கட்டுப்பாட்டுல இருக்கணும். மறைச்சு வைக்கிறது நம்ம நாட்டுல ஆசைக்கு இல்ல, விதியே அதான்.

விதிய விடுங்க, பாதுகாப்புக்கே அதான் வழி. பாக்கெட்டுல சாவிக்கொத்தோட போட்டு வச்சா சாவி ட்ரிகர் வளையத்துக்குள்ள நுழைஞ்சு நிக்கும். வேட்டி மடிப்புல வச்சவன் ஜீப்புல ஏறி உக்காரும்போது வழுக்கும், வழுக்குறத புடிக்கணும்னு கை தானா பாயும், அவசரத்துல பாயுற விரல் எங்க போய் நிக்கும்னு யோசிச்சுப் பாருங்க. கீழ விழுந்தா விழட்டும், புடிக்காதீங்க. ட்ரிகர முழுசா மூடுற கெட்டியான உறையா பாத்து வாங்குங்க, குனிஞ்சு நிமிந்து, ஜீப்புல ஏறி இறங்கி, வெறும் துப்பாக்கியோட வீட்டுலயே ஒரு வாரம் பழகுங்க.

டிரைவர்கிட்ட குடுத்துட்டுப் போறது

பேங்குக்குள்ள போறேன், கோயிலுக்குள்ள போறேன், "டேய் இத வண்டியில பாத்துக்கடா"ன்னு டிரைவர் கையில குடுத்துட்டு இறங்குறது. அந்த நிமிசத்துல இருந்து அந்தப் பையன் லைசென்ஸ் இல்லாம ஆயுதம் வச்சிருக்கான். உங்கள நம்பி சம்பளத்துக்கு வந்தவன், அவன் ஜெயிலுக்குப் போறதுக்கு நீங்க வழி பண்ணாதீங்க. உள்ள கொண்டு போக முடியாத எடத்துக்குப் போற நாள்ல வீட்டுலயே வச்சுட்டுக் கிளம்புங்க.

சட்டைப் பையில ஒரு ரவுண்டு

ரைபிள் கிளப்புல பழகிட்டு வர்றோம், மிச்சத் தோட்டா ஒண்ணு பையோட மூலையில தங்கிரும். ரெண்டு மாசம் கழிச்சு அதே பையத் தூக்கிட்டு ஏர்போர்ட்டு போனா ஸ்கேனர்ல தெரியும். துப்பாக்கி இல்லாம தோட்டா மட்டும் இருந்தாலும் சட்டம் ஒண்ணுதான். தெரியாம இருந்துச்சுன்னு வாதாட எடம் இருக்கு, 1972-லயே குன்வந்த்லால் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு, வச்சிருக்குறோம்ங்கிற நினைவு இருந்தாத்தான் அது வச்சிருக்குறதுன்னு சொல்லியிருக்கு. ஆனா ஏற்கனவே ஒரு வழக்க நடத்துனவன் சொல்றேன், வாதாடி ஜெயிக்கிறதுக்குள்ள விமானம் மட்டும் போகாது, வருசமும் போகும். துப்பாக்கிக்குன்னு ஒரு தனிப்பை வைங்க, வேற எதுக்கும் அதத் தொடாதீங்க.

ஈரம்

போடிமெட்டு குளிர்ல இருந்து கீழ வெக்கைக்கு இறங்குனா இரும்பு மேல பனி மாதிரி தண்ணி கோர்க்கும். வேர்வை வேற. தோல் உறை அந்த ஈரத்த குடிச்சு வச்சுக்கும், அதனால ராத்திரி உறையோட பூட்டாதீங்க. தொடச்சு, லேசா எண்ணெய் காட்டி, தனியா வைங்க. எண்ணெய தோட்டா மேல படவிடாதீங்க, தோட்டாவோட அடிப்பக்கம் முதல்ல தீப்புடிக்கிற ப்ரைமர் வழியா உள்ள எறங்குனா வெடிக்காது. வெடிக்காத தோட்டா வந்தா உடனே தொறக்கக்கூடாது, வாய்ப்பகுதிய பத்திரமான பக்கம் காட்டி அர நிமிசம் புடிச்சிருங்க.

ஆனைக்கு எடுக்காதீங்க

2023 மே மாசம் அரிக்கொம்பன்ங்கிற காட்டானை கம்பம் டவுனுக்குள்ள வந்தப்ப எத்தன பேரு என்கிட்ட, "உங்ககிட்டதான் இருக்கே"ன்னு கேட்டாங்க. .32 தோட்டா ஆனைக்கு வலியும் கோவமும்தான் குடுக்கும், அந்தக் கோவம் தெருவுல நிக்கிற அடுத்தவன் மேல போய் எறங்கும். ஒதுங்கி, வனத்துறைக்குப் போன் போடுங்க.

போட்டோ, ஸ்டேட்டஸ்

போடாதீங்க.

ஓடுறவன் முதுகு

பணப்பையப் புடுங்கிட்டு ஒருத்தன் ஓடுறான், சுட்டுரலாம்னு நினைப்பாங்க. தற்காப்பு உரிமை இப்ப பாரதிய நியாய சன்ஹிதாவுல 34-ல இருந்து 44 வரைக்கும் இருக்கு, 2024 ஜூலை 1-க்கு முன்னாடி ஐபிசி 96-ல இருந்து 106. சுடுற அளவுக்குப் போகணும்னா உசுருக்கோ பெருங்காயத்துக்கோ நெசமான பயம் மாதிரி பெரிய காரணம் இருக்கணும், தேவைக்கு மேல அடி விழக்கூடாது, போலீச நாட நேரம் இருந்தா அந்த உரிமையே இல்ல. கத்திய கழுத்துல வச்சு நிக்கிறவன் வேற, ஓடுறவன் வேற. ஓடுறவன் முதுகுல தோட்டா இருந்தா எந்த வக்கீலாலயும் சுலபமா பேச முடியாது, செத்தவன் வீட்டுலயும் புள்ளைங்க இருக்கும். பணம் போனா போகுது, வண்டி நம்பரப் பாத்து வச்சுக்கங்க.

தேர்தல் டெபாசிட்டு

தேர்தல் அறிவிப்பு வந்தவுடனே துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லுவாங்க. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு பிப்ரவரி 26 அறிவிப்பு, மே 2 எண்ணிக்கை, ரெண்டு மாசத்துக்கு மேல. எண்ணெய் போட்டு, துணியில சுத்தி, நம்பர், தோட்டா எண்ணிக்கை, என்ன நெலமையில குடுத்தீங்க எல்லாம் எழுதி கையெழுத்தோட ரசீது வாங்குங்க. ரசீது இல்லாம கையவிட்டுக் குடுக்காதீங்க.

ரினியூவல்

இப்ப அஞ்சு வருசம். அஞ்சு வருசம்ங்கிறதாலயே எல்லாரும் மறந்துர்றாங்க. முடியுறதுக்கு நாலு மாசம் முன்னாடி தேதிய வீட்டு காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க, வீட்டம்மாகிட்டயும் சொல்லி வைங்க.

அந்தத் தம்பி மறுநாள் ஏலத்துக்குப் போகும்போது எனக்குப் போன் போட்டான். லோயர் கேம்ப்ல நிக்கிறேன், வீட்டுல பூட்டிட்டுத்தான் வந்தேன்ண்ணே, சாவிய அம்மாகிட்ட குடுக்கலாமான்னு கேட்டான். குடுக்காத, சாவி உன் கையில இருக்கட்டும்னேன்.