ஒரு பெயர்ச்சொல்லின் அடியைக் கண்டுபிடிப்பது எப்படி? இலத்தீன் 'ரேக்ஸ்', பாலி 'ராஜா'

அரசனைக் குறிக்கும் இவ்விரு சொற்களும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. அந்த உறவைத் தாமே சரிபார்க்க விரும்பும் புதியவர்களுக்கான வழிமுறை இது. அடி என்பது வேற்றுமை உருபை நீக்கினால் எஞ்சும் சொற்பகுதி.

முதற்படி: அகராதியின் தலைச்சொல்லை விட்டுவிட்டு ஆறாம் வேற்றுமையைப் பாருங்கள். 'ரேக்ஸ்' என்பதன் ஆறாம் வேற்றுமை 'ரேகிஸ்'. 'இஸ்' என்னும் உருபை நீக்கினால் 'ரேக்' என்ற அடி கிடைக்கும். ஆறாம் வேற்றுமையை உடன் தராத இலத்தீன் அகராதி, என் கருத்தில், தொடக்கநிலையினருக்கு உதவாது.

இரண்டாம் படி: வேற்றுமை அட்டவணையைத் தாளில் கையாலேயே எழுதுங்கள். பாலி இலக்கணமும் தமிழைப் போல வேற்றுமைகளை எண்ணிட்டே வழங்குவதால் நமக்கு எளிது. முதல் மூன்று வேற்றுமைகளும் முறையே ராஜா, ராஜானங், ரஞ்ஞா என்று வரும். நான்காவதற்கும் ஆறாவதற்கும் 'ரஞ்ஞோ' ஒன்றே. இலத்தீனிலோ நான்காவது 'ரேகீ' எனத் தனியே நிற்க, மூன்றாவது, ஐந்தாவது இரண்டின் வேலையையும் 'ரேகே' பார்த்துக்கொள்கிறது.

மூன்றாம் படியில்தான் பலரும் திகைத்து நிற்பார்கள்: 'ராஜா' எப்படி 'ரஞ்ஞோ' ஆகும்? இதன் பழைய அடி 'ராஜன்'. ஆறாம் வேற்றுமையில் ஜகரத்துக்கும் னகரத்துக்கும் இடையிலுள்ள உயிர் கெட்டு, சமஸ்கிருதத்தில் 'ராஜ்ஞ:' என்றாகிறது. பாலியில் அந்த 'ஜ்ஞ' 'ஞ்ஞ' ஆக, இரட்டித்த மெய்க்கு முன்னிருந்த நெடிலும் குறுகிவிடுகிறது. 'விஜ்ஞானம்' தமிழில் 'விஞ்ஞானம்' ஆனதை அறிந்தவருக்கு இம்மாற்றம் புதிதன்று. குஜராத்தில் உள்ள அசோகரின் கிர்நார்ப் பாறைக் கல்வெட்டில், சோழ பாண்டியரைக் குறிப்பிடும் இரண்டாம் சாசனத்தில், இதே வடிவம் நெடில் குறுகாமல் 'ராஞோ' என்றிருக்கிறது. அக்கால பிராமியில் மெய் இரட்டிப்பை எழுதும் வழக்கம் இல்லை. வடக்கே இமயமலை அடிவாரத்திலுள்ள கால்சிப் பாறையிலோ, ரகரம் லகரமாகி, 'லாஜினே'.

நான்காம் படி: அடிகளை ஒப்பிடுங்கள். பாலிச் சொல்லின் 'அன்' விகுதி இலத்தீனில் கிடையாது. ஆகவே 'ரேக்ஸ்' என்பதற்கு நேர் இணை 'ராஜன்' அன்று, பேரரசனைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல்லான 'சம்ராஜ்' என்பதில் எஞ்சியுள்ள விகுதியற்ற 'ராஜ்' என்பதே. இரண்டுக்கும் வேர், நேராக்குதல், வழிநடத்துதல் என்னும் பொருளுடையது. இலத்தீன் பக்கத்துப் பழஞ்சான்று வேண்டுவோர், உரோமில் 1899இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட, கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த லாபிஸ் நிகெர் ('கருங்கல்') கல்வெட்டில் 'ரெகேய்' என்ற நான்காம் வேற்றுமை வடிவத்தைக் காணலாம்.

பின்சேர்க்கை: 'மஹாராஜஸ்ஸ' ('மகாராஜனுடைய') என்று பாலி பௌத்த நூல்களான சுத்தங்களில் (சூத்திரங்களில்) வருகிறதே, அது பிழையா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பிழையன்று. தொகைச்சொல்லின் ஈற்றில் வரும்போது இச்சொல் பெரும்பாலும் அகர ஈற்றுச் சொற்களைப் போலவே உருபேற்கும். அட்டவணையில் அதற்குத் தனி வரிசை ஒதுக்கிவிடுங்கள்.